ஆள், எண்ணெய், உரம், குப்பை: ஜெஞ்சாரோமுக்கு எது எந்தக் கப்பலில் வந்தது?

கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் சாலையில் ஜெஞ்சாரோமைக் கடப்பவர்களின் கண்ணில் கடல் படாது. செம்பனைத் தோட்டங்கள், கடைவீடுகள், தொழிற்சாலைகள் என்றுதான் ஊர் நீள்கிறது. ஆனால், சாலையில் ஓடும் வண்டிகளைக் கவனித்தால் துறைமுகம் பக்கத்தில் இருப்பது புரிந்துவிடும். எண்ணெய் ஏற்றிய டேங்கர் லோரிகள் போகின்றன. நீளமான கொள்கலன்களைச் சுமந்த டிரெய்லர்கள் பூலாவ் இண்டாவுக்குப் போய் வருகின்றன.

2018ஆம் ஆண்டு இந்த ஊரின் பெயர் உலகச் செய்திகளில் அடிபட்டது. நள்ளிரவில் நெகிழி எரியும் நாற்றம், மூச்சுத் திணறல், தோலில் அரிப்பு என மக்கள் புகார் செய்தார்கள். தோட்டங்களுக்குப் பின்னாலும் காலி நிலங்களிலும் வெளிநாட்டு முத்திரை கொண்ட நெகிழிக் கழிவுகள் மலைபோல் குவிந்திருந்தன. சுமார் 17,000 டன் கழிவு இவ்வட்டாரத்தில் கிடந்ததாக அப்போதைய செய்திகள் கூறின. உரிமமின்றி இயங்கிய பல தொழிற்சாலைகள் பின்னர் மூடப்பட்டன.

இவ்வளவு குப்பை கடல் கடந்து எப்படி இங்கே வந்து சேர்ந்தது என்று பலரும் கேட்டார்கள். கப்பல்களில் எத்தனை வகை உண்டு, ஒவ்வொன்றும் எந்த வேலைக்காகக் கட்டப்படுகிறது என்பது தெரிந்தால் இதற்கு விடை கிடைக்கும். நம் முன்னோர் இங்கு வந்த கதையும், தோட்டத்து எண்ணெய் வெளியே போகும் வழியும், கடலைக் காக்கும் போர்க்கப்பல்களின் வேலையும் அதோடு சேர்ந்தே விளங்கும்.

ஆட்களை ஏற்றிய கப்பல்

கோலலங்காட், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வாழும் தமிழர்கள் பலரின் குடும்பக் கதை ஒரு பயணிகள் கப்பலில்தான் தொடங்குகிறது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் பதிவு செய்யப்பட்டவர்கள், கப்பலேறி பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கினார்கள். 1901இல் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம்தான் 1972இல் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாறியது.

அந்தக் கப்பல்களில் முதியவர்கள் வாயில் இன்றும் வரும் பெயர் 'ராஜுலா'. பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனத்துக்காக 1926இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்ட இந்தக் கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் வழித்தடத்தில் 1973 வரை ஓடியது. அறை பிடித்துப் பயணம் செய்தவர்கள் சிலரே. ஆயிரக்கணக்கானோர் தளத்திலேயே பாய் விரித்துப் படுத்து, அங்கேயே சமைத்த சோற்றைச் சாப்பிட்டு, ஏறத்தாழ ஒரு வாரம் கடலில் கழித்தார்கள். 'டெக் பயணி' என்ற சொல் அப்படி வந்ததுதான்.

பயணிகள் கப்பலைப் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்ளலாம். பல மாடிகள், வரிசையாகச் சாளரங்கள், இரு பக்கமும் உயிர்காப்புப் படகுகள் இருக்கும். சரக்குக் கப்பலில் இருபது, இருபத்தைந்து பேர்தான் வேலை செய்வார்கள். பயணிகள் கப்பலில் ஆயிரக்கணக்கான உயிர்கள் இருப்பதால் படகும், தீயணைப்பு வசதியும், குடிநீரும் அதற்கேற்ப இருந்தாக வேண்டும்.

ராஜுலாவுக்குப் பிறகு இந்திய அரசுக் கப்பல் நிறுவனத்தின் 'சிதம்பரம்' சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடியது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் ஏற்பட்ட தீ விபத்தோடு அதன் பயணிகள் சேவை முடிந்தது. அதற்குள் மக்கள் விமானத்துக்கு மாறியிருந்தார்கள். இன்று கிள்ளான் துறைமுகத்தில் பயணிகளை ஏற்றுபவை உல்லாசக் கப்பல்களும் கெத்தாம் தீவுக்குப் போகும் படகுகளும் போன்றவைதான்.

எண்ணெய் ஏற்றும் டேங்கர்

1917இல் கோலசிலாங்கூர் வட்டாரத்தின் தென்னமரம் தோட்டத்தில்தான் இந்நாட்டில் முதன்முதலாகச் செம்பனை வணிகப் பயிராக நடப்பட்டது. கேரித் தீவிலும் ஜெஞ்சாரோமைச் சுற்றியும் ரப்பர் மரங்கள் நின்ற இடங்களைப் பிற்காலத்தில் செம்பனை பிடித்துக்கொண்டது. தோட்டத்தில் வெட்டும் குலை ஆலைக்குப் போகிறது. ஆலையில் பிழிந்த எண்ணெய் தெலுக் பங்ளிமா காராங் போன்ற இடங்களில் உள்ள சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் போகிறது. அங்கிருந்து துறைமுகத்தில் டேங்கர் கப்பலில் ஏறுகிறது.

டேங்கர் என்பது மிதக்கும் தொட்டி. தளத்தின் மேல் குழாய்கள் நீளவாக்கில் ஓடும். பாரந்தூக்கிகள் அதிகம் இருக்காது. கச்சா பெட்ரோலியம் ஏற்றும் டேங்கர் வேறு, சமையல் எண்ணெய் ஏற்றும் டேங்கர் வேறு. செம்பனை எண்ணெய் குளிர்ந்தால் உறைந்துவிடும். அதனால் தொட்டிகளுக்குள் சூடாக்கும் குழாய்ச் சுருள்கள் பொருத்தப்பட்டிருக்கும். ஐரோப்பாவின் குளிரில் எண்ணெயை இறக்குவதற்குச் சில நாள்கள் முன்பிருந்தே சிறிது சிறிதாகச் சூடேற்றுவார்கள். ஒரே கப்பலில் தனித்தனித் தொட்டிகள் இருப்பதால், ஒன்றில் கச்சா எண்ணெய், இன்னொன்றில் சுத்திகரித்த எண்ணெய் என்று பிரித்தும் ஏற்றலாம்.

சமையல் எண்ணெயை நிரப்புவதற்கு முன் அந்தத் தொட்டியில் கடைசியாக என்ன இருந்தது என்று ஆவணம் காட்ட வேண்டும். நச்சு இரசாயனம் ஏற்றிய தொட்டி ஏற்றுக்கொள்ளப்படாது. ஏற்றும்போதும் இறக்கும்போதும் மாதிரி எடுத்துச் சோதிப்பார்கள். அதனால் டேங்கரில் எதை ஏற்றினார்கள் என்பதை மறைப்பது கடினம்.

எரிவாயு ஏற்றும் கப்பல்களும் டேங்கர் குடும்பத்தைச் சேர்ந்தவையே. இயற்கை எரிவாயுவைச் சுமார் மைனஸ் 162 பாகை செல்சியஸ் வரை குளிர்வித்துத் திரவமாக்கி ஏற்றுவார்கள். சரவாக்கின் பிந்துலுவிலிருந்து ஜப்பான் போன்ற நாடுகளுக்கு நம் எரிவாயு இப்படித்தான் போகிறது.

உரமும் நிலக்கரியும் கோதுமையும்

மூட்டையிலோ பெட்டியிலோ அடைக்காமல் அப்படியே கொட்டி ஏற்றும் சரக்குகளுக்கு மொத்தச் சரக்குக் கப்பல் உண்டு. தளத்தின் மேல் வரிசையாகப் பெரிய மூடிகள் தெரியும். மூடியைத் திறந்தால் உள்ளே ஆழமான கிடங்கு. தோட்டத்தில் செம்பனைக்கு இடும் பொட்டாஷ் உரம் மலேசியாவில் கிடைப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து இத்தகைய கப்பல்களில்தான் வருகிறது. ரொட்டிக்கும் சப்பாத்திக்கும் வேண்டிய கோதுமையும், கோழித் தீவனத்துக்கான சோளமும் அப்படியே. காப்பார் மின்நிலையத்துக்கு நிலக்கரி கொண்டுவரும் கப்பல்களும் இந்த வகைதான். நம் வீட்டு விளக்கு எரிவதில் அவற்றுக்கும் பங்கு உண்டு.

கார்களை ஏற்றும் கப்பல் பார்ப்பதற்கு மிதக்கும் பெரிய பெட்டி போல் இருக்கும். பக்கத்தில் ஒரு சாய்தளம் இறங்கும். கார்களை ஓட்டியே உள்ளே கொண்டுபோய் அடுக்கடுக்காக நிறுத்துவார்கள். இதை 'ரோ-ரோ' கப்பல் என்பார்கள். ஆடு, மாடு ஏற்றும் கப்பல்களில் காற்றோட்டத்துக்காகப் பக்கவாட்டில் திறப்புகள் இருக்கும். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் ஆஸ்திரேலியாவிலிருந்து கால்நடைகள் வருவது இவற்றில்தான்.

கொள்கலன் கப்பலும் ஜெஞ்சாரோமின் புகையும்

1956 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவின் நெவார்க் துறைமுகத்திலிருந்து 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 இரும்புப் பெட்டிகளோடு ஹியூஸ்டனுக்குப் புறப்பட்டது. போர்க்காலத்தில் கட்டிய பழைய டேங்கர் ஒன்றை மால்கம் மெக்லீன் என்ற லோரி முதலாளி மாற்றியமைத்த கப்பல் அது. அதுவரை துறைமுகத் தொழிலாளர்கள் மூட்டை மூட்டையாகத் தூக்கி அடுக்கிய சரக்கு, அதன்பின் தொழிற்சாலையிலேயே பெட்டிக்குள் அடைக்கப்பட்டு, லோரியிலிருந்து கப்பலுக்கும் கப்பலிலிருந்து லோரிக்கும் திறக்கப்படாமலே மாறியது. ஏற்றி இறக்கும் செலவு பெருமளவு குறைந்தது. கப்பல் துறைமுகத்தில் கிடக்கும் நாள்களும் குறைந்தன.

கொள்கலன் கப்பலின் கொள்ளளவை இருபது அடிப் பெட்டிகளின் எண்ணிக்கையில் சொல்வார்கள். அந்த அளவுக்கு 'டிஇயு' என்று பெயர். நாற்பது அடிப் பெட்டி என்றால் இரண்டு டிஇயு. இன்றைய மிகப் பெரிய கப்பல்கள் 400 மீட்டர் நீளம் கொண்டவை. 24,000 டிஇயு வரை சுமப்பவை. அவற்றால் எல்லாத் துறைமுகத்திலும் நுழைய முடியாது. எனவே கிள்ளான் போன்ற ஆழமான துறைமுகத்தில் பெட்டிகளை இறக்க, 'ஃபீடர்' எனப்படும் சிறிய கப்பல்கள் அவற்றை மற்ற ஊர்களுக்கு எடுத்துச் செல்கின்றன. கிள்ளானில் இறங்கும் பெட்டிகளில் பாதிக்கும் மேற்பட்டவை இப்படிக் கப்பல் மாறிப் போகிறவைதான். நோர்த்போர்ட், வெஸ்ட்போர்ட்ஸ் இரண்டும் சேர்ந்து 2024இல் கையாண்டது ஏறக்குறைய 1 கோடியே 46 லட்சம் டிஇயு. சராசரியாக நாளொன்றுக்கு 40,000.

நாளுக்கு 40,000 டிஇயு அளவுள்ள பெட்டிகளை எல்லாம் திறந்து பார்க்க எந்தச் சுங்கத்துறையாலும் முடியாது. ஆவணத்தில் எழுதியிருப்பதை வைத்தும், சந்தேகம் வரும் பெட்டிகளைப் பொறுக்கியெடுத்துச் சோதித்தும்தான் வேலை நடக்கிறது. உரக் கப்பலின் மூடியைத் திறந்தால் உள்ளே இருப்பது உரம் என்று தெரிந்துவிடும். டேங்கரில் மாதிரி எடுத்தால் தெரிந்துவிடும். மூடி முத்திரை வைத்த பெட்டிக்குள் இருப்பது, யாராவது திறக்கும்வரை தெரியாது.

இதற்குப் பின்னால் ஒரு கப்பல் கணக்கும் இருக்கிறது. ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் தொலைக்காட்சி, துணிமணி, நாற்காலி என்று பெட்டிகள் நிறைந்து போகின்றன. திரும்பி வரும்போது அந்த அளவுக்குச் சரக்கு கிடையாது. காலிப் பெட்டியைச் சும்மா கொண்டுவருவதைவிடக் குறைந்த கட்டணத்துக்கு எதையாவது ஏற்றி வருவது கப்பல் நிறுவனத்துக்கு லாபம். அப்படி மலிவாக ஏறிய சரக்குகளில் பழைய தாளும் நெகிழிக் கழிவும் முக்கியமானவை. பல ஆண்டுகள் அவை சீனாவுக்குப் போயின. 2018 ஜனவரியில் சீனா கதவை மூடியது. பெட்டிகள் தென்கிழக்காசியாவின் பக்கம் திரும்பின. அந்த ஆண்டு ஜனவரி முதல் ஜூலை வரை மட்டும் மலேசியாவுக்கு ஏறத்தாழ 754,000 டன் நெகிழிக் கழிவு வந்ததாகக் கிரீன்பீஸ் அமைப்பு கணக்கிட்டது.

துறைமுகத்துக்கு அருகில், நிலமும் வாடகையும் மலிவாக, தோட்டங்களுக்குப் பின்னால் கண்ணில் படாத இடங்களோடு இருந்த ஜெஞ்சாரோம் வட்டாரம் இந்த வியாபாரிகளுக்கு வசதியாகிப் போனது. மறுசுழற்சிக்கு உகந்ததைப் பொறுக்கிக்கொண்டு மீதியை எரித்தார்கள், புதைத்தார்கள். புகையைச் சுவாசித்தவர்கள் பக்கத்துக் குடியிருப்புகளில் இருந்தவர்கள்தாம்.

உள்ளூர் மக்கள் சிலர் ஒன்றுகூடி, இடங்களைப் படம் பிடித்து, அதிகாரிகளிடம் தொடர்ந்து புகார் கொடுத்ததால்தான் விஷயம் வெளியே வந்தது. அதன் பின்னர் அரசாங்கம் பெட்டிகளைத் திருப்பி அனுப்பத் தொடங்கியது. 2020 ஜனவரி நிலவரப்படி 150 கொள்கலன்களில் 3,737 டன் கழிவு, பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா, கனடா உள்ளிட்ட 13 நாடுகளுக்குத் திரும்பிப் போனது. 2021 முதல் பேசல் உடன்படிக்கையின் கீழ், கலப்பு நெகிழிக் கழிவை அனுப்ப வாங்கும் நாட்டின் முன் அனுமதி தேவை என்றானது. 2025 ஜூலை முதல் மலேசியா தன் இறக்குமதி விதிகளை மேலும் இறுக்கியது.

துறைமுகத்தின் உதவிக் கப்பல்கள்

பெரிய கப்பல் தானாக வந்து துறைமேடையில் அணையாது. முதலில் ஒரு சிறிய படகில் 'பைலட்' வந்து ஏறுவார். விமானிக்கும் இவருக்கும் தொடர்பில்லை. உள்ளூர் நீரோட்டமும் மணல்திட்டும் தெரிந்த வழிகாட்டி மாலுமி இவர். பிறகு இழுவைப் படகுகள் கப்பலைத் தள்ளியும் இழுத்தும் கரையோரம் சேர்க்கும். அளவில் சிறியவை என்றாலும் இவற்றின் இயந்திர வலிமை அதிகம். கிள்ளான் ஆறும் லங்காட் ஆறும் கொண்டுவரும் சேறு கடலடியில் படிவதால், கப்பல் வழியை ஆழப்படுத்தத் தூர்வாரும் கப்பல்களும் வேலை செய்கின்றன. தேசிய நீர்வரைவியல் மையம் பூலாவ் இண்டாவில்தான் இருக்கிறது. கடற்படையின் அளவாய்வுக் கப்பல்கள் கடலடியை அளந்து தரும் விவரங்களைக் கொண்டு கடல் வரைபடங்கள் தயாராகின்றன.

போர்க்கப்பல்கள்: பெயரும் வேலையும்

வணிகக் கப்பலை அது சுமக்கும் சரக்கை வைத்து அறியலாம். போர்க்கப்பலை அது எவ்வளவு தூரம் போகும், எதை எதிர்த்து நிற்கும் என்பதை வைத்துப் பிரிப்பார்கள்.

தமிழில் கெட்டிக்காரனை, தந்திரக்காரனை 'எம்டன்' என்பார்கள். அந்தச் சொல் ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் மீது குண்டு போட்ட எம்டன், அக்டோபர் 28 விடியற்காலையில் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து ரஷ்யப் போர்க்கப்பல் ஒன்றை மூழ்கடித்தது. பிரிட்டிஷ் கப்பல் போல் தெரிவதற்காகப் போலியாக நான்காவது புகைபோக்கி வைத்திருந்தது. தனியே நெடுந்தூரம் சுற்றி, எதிரியின் சரக்குக் கப்பல்களை வேட்டையாடும் இந்த வகைக்குக் 'குரூசர்' என்று பெயர்.

அதைவிடப் பெரியது 'பேட்டில்ஷிப்'. தடித்த இரும்புக் கவசமும் பெரும் பீரங்கிகளும் கொண்டது. 1941 டிசம்பர் 10 அன்று குவாந்தானுக்கு அப்பால் பிரிட்டனின் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்ற இரு பெருங்கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. 800க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலாயாவைக் காக்க வந்த அந்தக் கப்பல்களுக்குத் துணையாக வானில் விமானம் இல்லை. அதன்பின் ஜப்பானியர் ஆட்சி வந்தது. பல்லாயிரம் தோட்டத் தமிழர்கள் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். போர்முறையும் மாறியது. பீரங்கிக் கப்பலின் இடத்தை விமானந்தாங்கிக் கப்பல் பிடித்தது. இந்தியா கொச்சியில் கட்டி 2022இல் படையில் சேர்த்த 'விக்ராந்த்' அந்த வகை. மலேசியாவிடம் விமானந்தாங்கி இல்லை.

போர் முடிந்த விதத்தை ஜெஞ்சாரோமுக்குப் பக்கத்திலுள்ள மோரிப் கடற்கரை பார்த்தது. 1945 செப்டம்பர் 9 அன்று நேசப்படையினர் அங்கே தரையிறங்கினார்கள். இந்திய இராணுவத்தின் 25ஆவது காலாட்படைப் பிரிவும் அதில் இருந்தது. இதற்குப் பயன்பட்டவை தரையிறங்கு கப்பல்களும் படகுகளும். அடிப்பாகம் தட்டையாக இருப்பதால் இவை கரை வரை வரும். முன்புறக் கதவைத் திறந்தால் ஆட்களும் வண்டிகளும் இறங்கலாம். ஆனால், மோரிப்பின் சேறு வண்டிகள் பலவற்றைப் புதைத்துவிட்டது. ஜப்பான் ஏற்கெனவே சரணடைந்திருந்ததால் பெரும் உயிர்ச்சேதம் தவிர்ந்தது. கடலடியை அளக்கும் கப்பலின் அருமை இத்தகைய இடத்தில்தான் விளங்கும். அந்தத் தரையிறக்கத்தின் நினைவுச் சின்னம் இன்றும் மோரிப்பில் இருக்கிறது.

இன்றைய கடற்படைகளில் அதிகம் காணப்படும் வகைகள் இவை. 'டெஸ்ட்ராயர்' எனப்படும் நாசகாரிக் கப்பல் பெரியது, வேகமானது. வானிலிருந்தும் கடலடியிலிருந்தும் வரும் தாக்குதலைத் தடுத்து மற்றக் கப்பல்களைக் காக்கும். 2016இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்த 'ஐஎன்எஸ் சென்னை' இந்த வகை. அதற்கு அடுத்தது 'ஃபிரிகேட்'. ஏறக்குறைய அதே வேலையைச் சற்றுச் சிறிய உடலோடு செய்யும். மலேசியாவின் 'கே.டி. லெக்கியு', 'கே.டி. ஜெபாட்' இரண்டும் ஃபிரிகேட்டுகள். இன்னும் சிறியது 'கொர்வெட்'. 'கே.டி. கஸ்தூரி'யும் 'கே.டி. லெக்கிர்' கப்பலும் அவ்வகை. கே.டி. என்பது 'கப்பால் டிராஜா', அதாவது அரசக் கப்பல்.

ரோந்துக் கப்பல் என்பது கரையிலிருந்து தொலைவில் நீண்ட நாள் சுற்றிவரக் கட்டியது. 'கே.டி. கெடா' வகையில் ஆறு கப்பல்கள் உள்ளன. பீரங்கி உண்டு, ஏவுகணைக்கான இடமும் உண்டு, ஆனால் ஏவுகணை பொருத்தாமலே பணியில் சேர்க்கப்பட்டன. மீன் திருடும் அந்நியப் படகைத் துரத்த ஏவுகணை தேவையில்லை. ஒரு பெரும்போருக்கு அந்தக் கப்பல் போதாது என்பதும் உண்மை.

நீர்மூழ்கிக் கப்பலின் பலம் அது எங்கே இருக்கிறது என்று எதிரிக்குத் தெரியாமல் இருப்பது. 2009இல் பணியில் சேர்ந்த 'கே.டி. துங்கு அப்துல் ரஹ்மான்', 'கே.டி. துன் ரசாக்' இரண்டும் சபாவின் செப்பாங்கார் தளத்தில் உள்ளன. கடற்படையின் முக்கியத் தளம் பேராவின் லுமுட்.

எல்.சி.எஸ். என்ற பெயரையும் வாசகர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். கரையோரப் போர்க்கப்பல் என்று பெயர் வைத்தாலும் அவை ஃபிரிகேட் வேலைக்கானவை. 2011இல் ஆறு கப்பல்களுக்கு 900 கோடி ரிங்கிட் ஒப்பந்தம் வழங்கப்பட்டது. 600 கோடி ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்த பிறகும் ஒரு கப்பல்கூட முடியவில்லை என்று நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு 2022 ஆகஸ்ட்டில் அறிக்கை வெளியிட்டது. 2023இல் அது ஐந்து கப்பல்கள், 1,120 கோடி ரிங்கிட் என்று திருத்தப்பட்டது. பழைய கப்பல்களுக்கு வயதாகிக்கொண்டே போகையில் புதியது வராவிட்டால், இருப்பவையே எல்லா வேலையையும் இழுக்க வேண்டியிருக்கும்.

வெள்ளை நிறத்தில் வருபவை பெரும்பாலும் கடற்படைக் கப்பல்கள் அல்ல. அவை மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனத்தின் கப்பல்கள். பெயருக்கு முன் 'கே.எம்.' என்று இருக்கும். கடத்தல், கள்ளக் குடியேற்றம், எண்ணெய்க் கசிவு, கடலில் தத்தளிப்பவரைக் காப்பாற்றுதல் எல்லாம் இவற்றின் பொறுப்பு. கடலில் கவிழ்ந்த மீன்பிடிப் படகைத் தேடிப் போவதும் பெரும்பாலும் இந்த வெள்ளைக் கப்பல்தான்.

சரக்குக் கப்பல் போர்க்கப்பலானபோது

2008 ஆகஸ்ட்டில் 'பூங்கா மெலாத்தி டுவா' என்ற மலேசிய டேங்கரை ஏடன் வளைகுடாவில் சோமாலியக் கடற்கொள்ளையர் பிடித்தனர். அதில் இருந்த சரக்கு செம்பனை எண்ணெய். 39 மாலுமிகளில் 29 பேர் மலேசியர்கள். பிலிப்பீன்ஸ் மாலுமி ஒருவர் உயிரிழந்தார். பத்து நாள்கள் கழித்து 'பூங்கா மெலாத்தி லீமா' என்ற இன்னொரு டேங்கரும் பிடிபட்டது. எண்ணெய் நிரம்பிய டேங்கர் மெதுவாகப் போகும். அதன் தளமும் நீருக்கு அருகே தாழ்ந்திருக்கும். ஏணி போட்டு ஏறுவது கொள்ளையருக்கு எளிது.

மலேசியா தன் போர்க்கப்பல்களை அனுப்பியது. ஆனால், எண்ணிக்கையில் குறைந்த அந்தக் கப்பல்களை ஆண்டுக் கணக்கில் தொலைதூரத்தில் நிறுத்திவைக்க முடியாது. எனவே எம்.ஐ.எஸ்.சி. நிறுவனத்தின் 'பூங்கா மாஸ் லீமா' என்ற சிறிய கொள்கலன் கப்பலை மாற்றியமைத்து, சாம்பல் நிறம் பூசி, ஹெலிகாப்டர் இறங்கத் தளம் அமைத்து, 2009இல் கடற்படையின் துணைக் கப்பலாக்கினார்கள். 2011 ஜனவரி 20 அன்று 'பூங்கா லோரல்' என்ற டேங்கரைக் கொள்ளையர் பிடித்தபோது, பூங்கா மாஸ் லீமாவிலிருந்து போன பாஸ்கல் அதிரடிப்படையினர் அதை மீட்டார்கள். 23 மாலுமிகளும் உயிர் தப்பினர். ஏழு கொள்ளையர் மலேசியாவுக்குக் கொண்டுவரப்பட்டு இங்கேயே விசாரிக்கப்பட்டனர். பெட்டி சுமக்கக் கட்டிய கப்பல் ஒன்று, நம் எண்ணெயும் மாலுமிகளும் போகும் வழியைக் காக்கும் கப்பலாயிற்று.

பெட்டியின் பக்கத்தில் இருக்கும் எண்

ஒவ்வொரு கொள்கலனின் பக்கவாட்டிலும் கதவிலும் நான்கு எழுத்துகளும் ஏழு எண்களும் எழுதப்பட்டிருக்கும். முதல் மூன்று எழுத்துகள் உரிமையாளரைக் குறிக்கும். கடைசி எண், மற்றவை சரியாக எழுதப்பட்டுள்ளனவா என்று சரிபார்க்க உதவுவது. இந்த ஒரு எண்ணைக் கொண்டு அந்தப் பெட்டி எந்தக் கப்பலில், எந்தத் துறைமுகத்திலிருந்து வந்தது, யார் பெயரில் இறக்கப்பட்டது என்று சுங்கத்துறையாலும் கப்பல் நிறுவனத்தாலும் தேடிப் பார்க்க முடியும்.

தோட்டத்துக்குப் பின்னால் இரவு நேரத்தில் பெட்டி இறக்குவதைப் பார்ப்பவர்கள், அந்த எண்ணையும் லோரியின் எண்ணையும் நாள், நேரத்தையும் குறித்துக்கொண்டு சுற்றுச்சூழல் துறையிடமும் உள்ளூராட்சி மன்றத்திடமும் புகார் கொடுக்கலாம். முடிந்தால் தூரத்திலிருந்தே ஒரு படமும் எடுத்துக்கொள்வது நல்லது. இறக்குபவர்களோடு வாக்குவாதத்தில் இறங்க வேண்டாம். புகை நாற்றத்தை மட்டும் சொல்லும் புகாரைவிட, எண்ணோடு போகும் புகாரைத் தட்டிக்கழிப்பது கடினம்.